ஐந்து மீன் தொட்டி விளக்கு, சுவருக்கு ஒரே வயர்: தருமபுரியில் நான் செய்துகொண்ட வேலை

முதலில் செலவைச் சொல்லிவிடுகிறேன். பொருளும் கூலியும் சேர்த்து 4,655 ரூபாய். "விளக்கு வயரைச் சேர்க்க இவ்வளவா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். எட்டு மாதம் ஆகிவிட்டது. இப்போது யார் கேட்டாலும் இந்த வேலையை இதைச் செய்த எலக்ட்ரீசியன் அண்ணனிடமே கொடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் குறைகளும் உண்டு, அதையும் எழுதுகிறேன்.

எங்கள் வீடு குமாரசாமிப்பேட்டையில். பின்கட்டில் ஓர் இரும்பு ரேக், அதில் மூன்று அடுக்காக ஐந்து தொட்டிகள். ஃபைட்டரும் கப்பியும் வளர்க்கிறேன். முதல் ஜோடிகளைச் சென்னை கொளத்தூரில் இருந்து வாங்கிவந்தேன். இப்போது குஞ்சு பொரித்து அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் ஒன்றிரண்டு கடைகளுக்கும் கொடுக்கிறேன். செடி உள்ள தொட்டிக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். அதனால் ஒவ்வொரு தொட்டிக்கும் ஓர் எல்இடி விளக்கு, ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு பவர் சப்ளை. மூன்று பெரிய விளக்குகளுக்கு அலுமினியப் பெட்டி போட்ட பவர் சப்ளை, அதை 'டிரைவர்' என்பார்கள். இரண்டு சின்ன விளக்குகளுக்குக் கறுப்பு பிளாஸ்டிக் அடாப்டர்.

ஐந்து பிளக்கையும் ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகி ரேக்கின் கீழ்த்தட்டில் வைத்திருந்தேன். போன கோடையில் ஒரு நாள் மதியம் கரண்ட் போனது. ஏர் பம்ப் தொட்டியை விடக் கீழே இருந்தது. பம்ப் நின்றதும் தண்ணீர் குழாய் வழியே திரும்பி இறங்கி, பம்ப்பை நனைத்து, எக்ஸ்டென்ஷன் பெட்டி மேல் சொட்டியிருக்கிறது. கரண்ட் வந்தபோது 'டப்' என்று ஒரு சத்தம். ஒரு துளையைச் சுற்றிக் கறுத்துப் போயிருந்தது. (ஏர் குழாயில் போடும் ஒருவழி வால்வு ரொம்ப மலிவு. இதைப் படிப்பவர்கள் நாளைக்கே வாங்கி மாட்டிவிடுங்கள், இல்லையென்றால் பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள்.)

பயந்துபோய் தெரிந்த ஒருவர் மூலம் ஓர் எலக்ட்ரீசியனை அழைத்தேன். அவர் பெயர் வேண்டாம். அவர் ஐந்து பிளக்கையும் வெட்டி, வயர்களை இரண்டு கொத்தாக முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, ஒரு டூ பின் பிளக்கில் சேர்த்தார். அலுமினிய டிரைவரில் பச்சை மஞ்சள் வயர் ஒன்று இருந்ததே என்று கேட்டேன். "அது தேவையில்லைங்க" என்று மூன்றையும் ஒட்ட வெட்டிவிட்டார். அரை மணி நேரத்தில் முடிந்தது, முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

பத்து நாள் இருக்கும். என் மகன், மூன்றாம் வகுப்பு, வெறுங்காலோடு நின்று மீனுக்குத் தீனி போட்டான். கையை இழுத்துக்கொண்டு, "அம்மா, தண்ணி கடிக்குது" என்றான். நான் ரேக்கைத் தொட்டேன். விரல் நுனியில் சுருசுருவென்று இருந்தது. டெஸ்டர் வைத்தால் ரேக் முழுவதும் எரிகிறது. அன்று இரவு பிளக்கைப் பிடுங்கியவள் இரண்டு வாரம் போடவில்லை. செடிகள் வெளுத்துப்போயின. அதைப் பற்றிக் கவலைப்படும் நிலையில் நான் இல்லை.

அப்புறம்தான் இந்த அண்ணனைப் பற்றித் தெரிந்தது. பென்னாகரம் ரோட்டில் எலக்ட்ரிகல் சாமான் கடை வைத்திருக்கிறார், மோட்டார் காயிலும் சுற்றுகிறார். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். "பேரெல்லாம் போட்டுடாதீங்கம்மா, நான் ஒரே ஆளு, அத்தனை பேர் கூப்பிட்டா எங்க போறது" என்றதால் கடைப் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர் செய்த வேலையை விவரமாக எழுதினால், உங்கள் ஊர் எலக்ட்ரீசியனிடம் என்ன கேட்க வேண்டும் என்பதாவது தெரியும்.

செவ்வாய் வருகிறேன் என்றவர் வியாழன்தான் வந்தார். போன் செய்து சொல்லவும் இல்லை. இது முதல் குறை. வந்தபின் முதல் முக்கால் மணி நேரம் ஒரு வயரைக்கூடத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். டேப்பைப் பிரித்து முறுக்கியதைக் காட்டினார். பின்கட்டு ஈரத்தில் டேப்பின் பசை இளகி, பாதி கழன்று நின்றது. கையால் இழுத்தால் வருகிறது.

நான் ஒரு யோசனையோடு இருந்தேன். ஐந்து பவர் சப்ளை எதற்கு, ஒரே ஒரு பெரிய பன்னிரண்டு வோல்ட் அடாப்டர் வாங்கி எல்லா விளக்கையும் அதிலேயே கொடுத்துவிடலாமே என்று கேட்டேன். அவர் டிரைவரைத் திருப்பி லேபிளைப் படிக்கச் சொன்னார். பிளாஸ்டிக் அடாப்டரில் 12 வோல்ட் என்று இருந்தது. அலுமினியத்தில் 24 முதல் 42 வோல்ட், 600 மில்லி ஆம்பியர் என்று இருந்தது. "இது வோல்டேஜைப் பிடிச்சு நிக்கறது இல்லம்மா, கரண்டைப் பிடிச்சு நிக்கறது. விளக்குக்கு எத்தனை வோல்ட் வேணுமோ அதுவே ஏறி இறங்கும். இதுக்குப் பன்னெண்டு வோல்ட் குடுத்தா எரியவே எரியாது." அதோடு இன்னொன்றும் சொன்னார்: எந்தப் பவர் சப்ளையாக இருந்தாலும், விளக்குப் பக்கம் வரும் வயரை இன்னொன்றின் வயரோடு சேர்க்கக் கூடாது. ஒன்று மற்றொன்றின் தலையில் சுமையைத் தள்ளும், கடைசியில் இரண்டும் போகும். சேர்ப்பது 230 வோல்ட் உள்ளே போகும் பக்கத்தில் மட்டும். பேஸ் (கரண்ட் வரும் வயர்) எல்லாம் பேஸோடு, நியூட்ரல் (கரண்ட் திரும்பும் வயர்) எல்லாம் நியூட்ரலோடு. விளக்குப் பக்கம் அவரவர் வழி அவரவருக்கு.

அடுத்து, ரேக் ஏன் கடித்தது என்பது. நான் டிரைவர் கெட்டுப்போச்சு என்று நினைத்தேன். கெடவில்லை. அலுமினியப் பெட்டி டிரைவர்களில், வெளியே மின் இரைச்சல் போகாமல் வடிகட்ட, மின்சாரம் வரும் வயருக்கும் உலோக உடம்புக்கும் நடுவில் சின்னக் கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். அது வழியாக ஒரு துளி கரண்ட் எப்போதும் உடம்புக்கு வந்துகொண்டே இருக்கும். அதை வடித்து மண்ணுக்கு அனுப்பத்தான் அந்தப் பச்சை மஞ்சள் வயர். அதை வெட்டிவிட்டால் அந்தத் துளி போக இடமில்லாமல் ரேக்கில் நிற்கும். மூன்று டிரைவரும் ஒரே இரும்பு ரேக்கில் உட்கார்ந்திருந்ததால் மூன்றின் கசிவும் சேர்ந்து கடித்திருக்கிறது. "இந்தச் சுருசுருப்புல யாரும் போயிட மாட்டாங்க. ஆனா உள்ள ஏதாவது ஒண்ணு புட்டுக்கிச்சுன்னா முழு 230 வோல்ட்டும் ரேக்குக்கு வந்துடும். அப்ப எர்த்தும் இல்ல, கரண்டை நிறுத்தறதுக்கு ஒண்ணும் இல்ல." இதைச் சொல்லும்போது அவர் என் மகனைத்தான் பார்த்தார். இரண்டு நாள் தாமதமாக வந்த கோபம் எனக்கு அப்போது போய்விட்டது.

பிளாஸ்டிக் அடாப்டரில் எர்த் வயரே இல்லையே என்று கேட்டேன். லேபிளில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்டிருப்பதைக் காட்டினார். இரட்டைக் காப்பு என்று அர்த்தம். அந்தக் குறி இருந்தால் எர்த் இல்லாமலே செய்யப்பட்டது. குறி இல்லாமல் உலோக உடம்பு இருந்தால் எர்த் கொடுத்தே ஆக வேண்டும்.

பிறகு வீட்டு எர்த்தைச் சோதித்தார். நூறு வாட் குண்டு பல்பை பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே கொடுத்துப் பார்த்தார். (வீட்டில் நீங்கள் செய்து பார்க்க வேண்டாம், அது அவர் தொழில்.) பல்பு மங்கலாகப் பழுப்பு நிறத்தில் எரிந்தது. எங்கள் பக்கம் நிலம் பாறையும் சுண்ணாம்பும் கலந்தது, கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும் என்றார். கொல்லையில் குழியின் மூடியைத் திறந்தால் உள்ளே புழுதிதான் இருந்தது. நாலு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பல்பு பிரகாசமாக எரிந்தது. வீடு கட்டிப் பதினோரு வருடத்தில் அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

இனி வயரிங். ஒவ்வொரு லேபிளிலும் 'இன்புட்' என்று போட்டிருக்கும் ஆம்பியரைக் கூட்டினார். வாட்டைப் பார்க்கவில்லை. மூன்று அலுமினியம் தலா 0.35, இரண்டு பிளாஸ்டிக் தலா 0.2, மொத்தம் 1.45 ஆம்பியர். வாட்டை மட்டும் 230-ஆல் வகுத்தால் அரை ஆம்பியர் சொச்சம்தான் வருகிறது. ஆனால் இந்த மாதிரி மலிவான பவர் சப்ளைகள் வாட்டுக்கு ஏற்ற கரண்டை விட அதிகமாக இழுக்கும், அதனால் லேபிள் ஆம்பியரே கணக்கு என்றார். 1.45-க்கு ஒரு சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் வயர் தாராளம். ஆறு ஆம்பியர் த்ரீ பின் பிளக். ஹீட்டர், ஃபில்டர் மோட்டார் எதுவும் இந்த வயரில் வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

சேர்க்கும் இடத்துக்கு ஐபி 65 (தூசியும் தண்ணீர் பீச்சலும் உள்ளே போகாது என்ற குறி) என்று போட்ட பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸ். உள்ளே முறுக்கும் இல்லை, டேப்பும் இல்லை. நெம்புகோல் மாதிரி ஆரஞ்சு நிற மூடி வைத்த வாகோ கனெக்டர், ஐந்து துளை உள்ளது. வயரின் தோலை 11 மில்லிமீட்டர் சீவி, மூடியைத் தூக்கி, உள்ளே வைத்து அழுத்தினால் பிடித்துக்கொள்கிறது. இழுத்தால் வரவில்லை. ஐந்து பவர் சப்ளைக்கு உள்ளே வரும் வயரும் சேர்த்தால் ஆறு துளை வேண்டுமே, அதற்கு அவர் போட்ட கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது. பேஸுக்கு இரண்டு கனெக்டர்: முதலாவதில் வரும் வயர் ஒன்று, இரண்டாவதுக்குப் பாலமாக ஒரு துண்டு வயர், மீதி மூன்று துளையில் மூன்று டிரைவர். இரண்டாவதில் பாலம் போக நான்கு துளை, அதில் இரண்டு அடாப்டர், இரண்டு காலி. நியூட்ரலுக்கும் அதே மாதிரி இரண்டு. எர்த்துக்கு ஒரே ஒன்று போதும்: வருவது ஒன்று, டிரைவர் மூன்று, ரேக்கின் இரும்புக்கு ஒன்று. ரேக்கில் பெயிண்ட்டைச் சுரண்டி, போல்ட்டில் லக் (வயர் முனையில் போடும் உலோக வளையம்) வைத்து இறுக்கினார். முன்பு வெட்டிய பச்சை வயர்கள் அரை அங்குலம்கூட மிச்சமில்லை. டிரைவர் மூடியைத் திறந்து உள்ளே திருகிலிருந்து புது வயர் எடுத்தார். நான் கூடவே உட்கார்ந்து பார்த்தேன்.

வயர் பாக்ஸுக்குள் நுழையும் இடத்தில் கிளாண்ட், அதாவது வயரைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் திருகு மூடி. எல்லாம் அடிப்பக்கமாக. அடாப்டரின் தட்டை வயர் உருண்டைக் கிளாண்டில் இறுகாது என்று சூடு பட்டால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் இரண்டு அடுக்கு போட்டு உருட்டாக்கி இறுக்கினார். இதுபோல் சின்னச் சின்ன விஷயம்தான் முந்நூறு ரூபாய் வேலைக்கும் இந்த வேலைக்கும் வித்தியாசம். பிளக் அடாப்டரின் உடம்போடேயே ஒட்டியிருந்தால் அதை உடைத்து வயர் எடுக்க மாட்டேன், அதற்கு சாக்கெட் பட்டைதான் என்றும் சொன்னார். வயரை வெட்டிய அடாப்டருக்கு வாரண்டி கிடைக்காது என்பதையும் சொல்லிவிட்டார்.

பாக்ஸை அவர் முதலில் நடு அடுக்குக்குக் கீழே வைத்தார். அங்கே நான் ஃபில்டர் பஞ்சு பிழியும்போது தண்ணீர் வடியும். சொன்னதும் கழற்றி மேல் அடுக்குக்கு மேலே சுவரில் மாற்றினார், முகம் சுளிக்கவில்லை. ஆனால் அவரே கேட்டிருக்க வேண்டும், நான் எங்கே தண்ணீர் புழங்குகிறேன் என்று. சுவரில் இரண்டு ஓட்டை வீண். ஒவ்வொரு வயரும் பாக்ஸுக்குள் ஏறுவதற்கு முன் ஒரு வளைவு கீழே தொங்கி ஏறுகிறது. வயர் வழியே தண்ணீர் ஓடிவந்தாலும் அந்த வளைவில் கீழே சொட்டிவிடும். சுவர் பிளக்குக்குப் போகும் வயருக்கும் அப்படியே.

நம் ஊர் பிளக்குக்குள் ஃபியூஸ் கிடையாது. டிரைவரில் இருந்து வரும் வயர் மெல்லியது, அதைக் காக்க பாக்ஸுக்குள் பேஸ் வயரில் ஒரு கண்ணாடி ஃபியூஸ் வைத்தார். சுவிட்ச் போட்டதும் பொசுக்கென்று போனது. இன்னொன்று வைத்தார், அதுவும் போனது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, கடையில் இருந்து வேறு ஃபியூஸ் வரவழைத்தார். ஐந்து பவர் சப்ளையும் ஒரே நொடியில் விழித்துக்கொள்ளும்போது உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் சேர்ந்து ஒரு வாய் கரண்டை விழுங்குகின்றன. கண் இமைப்பதற்குள் அடங்கிவிடும், ஆனால் வேகமான ஃபியூஸ் அதற்கே போய்விடும். தாமதமாக உருகும் வகை, முனையில் 'டி' எழுத்து போட்டது, 3.15 ஆம்பியர் வைத்ததும் நின்றது. இன்றுவரை போகவில்லை. இதே காரணத்துக்காக என் பழைய டைமரையும் மாற்றச் சொன்னார், அந்த வாய் கரண்டில் டைமருக்குள் இருக்கும் சின்ன ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டு விளக்கு அணையாமலே நிற்குமாம். 16 ஆம்பியர் ரிலே போட்ட டைமர் நான் தனியாக வாங்கினேன், அது மேலே சொன்ன செலவில் சேராது.

கடைசியாக ஆர்சிசிபி, கரண்ட் கசிந்தால் தானே விழும் சுவிட்ச். 4,655-இல் 1,850 இதற்கே போனது. வேண்டாம் என்று சொல்லப் பார்த்தேன். "மத்ததெல்லாம் வயருக்கு. இது புள்ளைக்கு" என்றார். போகும் கரண்டும் திரும்பி வரும் கரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வேறு வழியில், அதாவது ஓர் உடம்பு வழியாகவோ தண்ணீர் வழியாகவோ, கசிந்தால் விழுந்துவிடும். எம்சிபி என்ற சுவிட்ச் இதைச் செய்யாது, அது வயரில் சுமை கூடினாலோ ஷார்ட் ஆனாலோதான் விழும். அதனால் ஆறு ஆம்பியர் எம்சிபி ஒன்றும் கூடவே. கெப்பாசிட்டர் கசிவால் வீணாக விழாதா என்று கேட்டேன். ஐந்தும் சேர்ந்தாலும் சில மில்லி ஆம்பியர்தான், இருபது முப்பது பவர் சப்ளை ஒரே ஆர்சிசிபியில் கோத்தால்தான் அந்தத் தொல்லை என்றார்.

விழாது என்றார், விழுந்தது. அன்று சாயங்காலம் பின்கட்டு மின்விசிறியைப் போட்டபோதெல்லாம் ஆர்சிசிபி விழுந்தது. போன் செய்தேன். இந்த முறை அரை மணியில் வந்துவிட்டார். சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்தால், மின்விசிறியின் நியூட்ரலும் மீன் தொட்டி சாக்கெட்டின் நியூட்ரலும் உள்ளே ஒன்றாக முறுக்கியிருந்தது. விசிறிக்குப் போன கரண்ட் ஆர்சிசிபி வழியே திரும்பி வந்ததால் அதற்குக் கணக்கு உதைத்திருக்கிறது. சாக்கெட்டுக்குத் தனி நியூட்ரல் இழுத்தார், சரியாகிவிட்டது. அதற்குக் காசு வாங்கவில்லை. "நான் முதல்லயே பாத்திருக்கணும்மா" என்றார்.

குறை என்றால் இவைதான்: சொன்ன நாளுக்கு வரவில்லை, பாக்ஸின் இடத்தை விசாரிக்கவில்லை, நியூட்ரலை முதலில் பார்க்கவில்லை, பில் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். பில்லில் ஒவ்வொரு பொருளின் விலையும் தனித்தனியாக இருந்தது: ஆர்சிசிபி 1,850, எம்சிபியும் அதன் பெட்டியும் 420, ஜங்ஷன் பாக்ஸ் 280, கிளாண்ட் எட்டு 160, கனெக்டர் ஐந்து 375, வயர் நாலு மீட்டர் 220, பிளக் 90, ஃபியூஸும் அதன் கூடும் 60, கூலி 1,200. வேறு கடையில் போய் நானே விசாரித்தேன், எதிலும் அதிகம் வைக்கவில்லை. மூடியின் உள்பக்கம் எந்த வயர் எந்தத் தொட்டிக்கு என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டியிருக்கிறார். நான் கேட்காமலே செய்தது.

ஆர்சிசிபியில் டெஸ்ட் பட்டன் ஒன்று உண்டு. மாதம் ஒரு தடவை அழுத்தினால் விழ வேண்டும், விழாவிட்டால் மாற்ற வேண்டும் என்றார். ஒன்றாம் தேதி காலையில் அது என் மகனின் வேலை. எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வீட்டுக்காரர் வேலை.

போன மாதம் ஆறாவது தொட்டி வாங்கினேன். பாக்ஸில் பேஸிலும் நியூட்ரலிலும் இரண்டிரண்டு துளை காலியாக இருந்தது, எட்டாவது கிளாண்டும் அடைத்துவைத்துக் காத்திருந்தது. எர்த் கனெக்டரில் மட்டும் இடமில்லை. அதனால் விளக்கு வாங்கும்போதே அடாப்டரைத் திருப்பி, சதுரத்துக்குள் சதுரம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். அண்ணன் வந்து இருபது நிமிடத்தில் மாட்டிவிட்டு, 0.2 கூட்டி 1.65 ஆம்பியர் என்று மூடியில் திருத்தி எழுதிவிட்டுப் போனார். கூலி நூறு ரூபாய். சொன்ன நாளிலேயே வந்தார்.